நான் ஆம்பிளிஃபையர் தேர்ந்தெடுத்த விதம்

போடிநாயக்கனூரில் காது உள்ளவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஊரின் நிலவரம் அது. மற்றவர்களுக்குத் தலையின் இருபுறமும் இருப்பவை கடுக்கன் மாட்டுவதற்கும், அணைத்த பீடியைச் செருகி வைப்பதற்கும் ஆனவை. கேட்பதற்கு அவற்றை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

முதலிலிருந்து சொல் என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன், ஐயா. இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்குப் பந்தோபஸ்துக்கு வந்திருப்பீர்கள். பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் மைக் செட்காரர் மேடையிலிருந்து, கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா என்று கேட்பார். கடைசியில் நிற்பவர் கையைத் தூக்குவார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தூக்கினால்தான் பாட்டு ஆரம்பமாகும் என்று தூக்குகிறார். ஒரு தடவை நான் பக்கத்தில் போய், என்னண்ணே கேட்டாங்க என்று விசாரித்தேன். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னார்:

"என்னமோ கேட்டான். ஆமான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானப்பு. இதுல என்ன வந்துச்சு."

கேட்காததைக் கேட்டேன் என்று சொல்கிற மனிதனைவிட அருவருப்பான பிராணி இந்த மலையில் இல்லை. அட்டைகூடப் பரவாயில்லை. கடித்தால் கடித்தது என்று ரத்தம் சாட்சி சொல்லும்.

பெயர் சுருளிவேல். ராசிங்காபுரம். பி.ஏ. இரண்டாம் ஆண்டு. கல்லூரி மெல்லிசைக் குழுவில் கிதார்.

கிதார் வாங்குவது பெரிய காரியமில்லை. கடலை நன்றாகக் காய்த்த வருஷம் அப்பா மதுரைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தார். ஆம்பிளிஃபையர்தான் காரியம். மின்சாரக் கிதாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்பி முனகும், பெட்டிதான் அதைப் பேச வைக்கும். எங்கள் வகுப்பில் மூணாறு பக்கத்துப் பையன் ஒருவன் வெளிநாட்டுக் கேசட் ஒன்று வைத்திருந்தான். அதில் வந்த கிதார் கம்பி மாதிரியே இல்லை. மலை தொண்டையைக் கனைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அது எப்படி வருகிறது என்று இரண்டு வருஷம் யோசித்தேன். பழைய ரேடியோவுக்குள் சிவந்து எரியுமே கண்ணாடிக் குழல், அந்த வால்வு என்று புரிந்தது.

இதை உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காய்ந்த விறகு மாதிரி சடக்கென்று உடையும். வால்வு உடையாது. கண்ணாடிக்குள் கம்பி சிவந்து, அளவுக்கு மேல் கொடுப்பதையெல்லாம் வாங்கி வாங்கிக் கெட்டிப்படும். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதம் தாண்டுகிற மாதிரி. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு நீங்கள் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். அது அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

எங்கள் குழுவுக்கு அப்போதுதான் புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி வந்திருந்தது. வெள்ளித் தகடு, சிவப்பு விளக்கு. சுத்தமான சத்தம். ஆஸ்பத்திரியில் போடுகிற உப்பில்லாத கஞ்சி மாதிரி சுத்தம். குழுவில் எல்லோரும் அதைச் சந்தோஷமாகக் குடித்தார்கள். எனக்குக் குமட்டியது.

ஏலக்காய் வியாபாரி ஞானதுரை முதலாளி வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அவர் மகன் எனக்குச் சிநேகம். அதன் பின்பக்கத்தில் கிதாரைச் செருகிப் பார்த்தேன். உறுமல் இருந்தது, ஆனால் பூனைக்குப் புலி வேஷம் போட்ட மாதிரி. இரண்டாவது பாட்டில் புகை வந்தது. முதலாளியின் மனைவி தேவகிருபை அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜெபம் பண்ணினார். யாருக்காக என்று சொல்லவில்லை. பிறகு டூரிங் கொட்டகைப் பெட்டியைப் பார்த்தேன். பலம் உண்டு. ஆனால் வில்லன் பேசினாலும் கதாநாயகி அழுதாலும் பின்னால் ஒரே இரைச்சல், ஆயிரம் கொசுக்களைக் கூலிக்கு வைத்த மாதிரி. வேண்டாம் என்று வந்துவிட்டேன். நான் எதையும் அவசரப்பட்டு எடுப்பவன் இல்லை.

முதலாளியின் ஏலத்தோட்டம் குரங்கணிக்கு மேலே இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோரில் பழைய வால்வு செட் ஒன்று கிடப்பதாக அவர் மகன் சொன்னான். புரட்டாசியில் ஒருநாள் லோடு ஏற்றப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஓடை. இந்தப் பக்கம் ஸ்டோர், அந்தப் பக்கம் காய் எடுக்கும் சரிவு. நடுவில் இரண்டு மரத்தைப் போட்டு ஒரு பாலம். மேல் முகட்டில் மழை இறங்கினால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் வந்துவிடும். அதனால் ஸ்டோர் காவல்காரர் கோட்டைச்சாமி முகட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அங்கே கருத்தால் மைக்கைப் பிடித்துப் பெண்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஸ்டோர் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர். மலையில் அதைக் கோளாம்பி என்பார்கள். அக்கரையில் கேட்டுவிட்டது என்பதற்குப் பெண்கள் குலவை போடுவார்கள். குலவை காதில் விழுந்த பிறகுதான் அவர் மைக்கை அணைப்பார். அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம்.

நான் போன அன்றைக்கே முகடு கருத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். மழையும் பிடித்துவிட்டது. அப்போது அந்தக் குரல் வந்தது. ஏ சுந்தரம்மா, ஏ பேச்சி. ஐயா, அது மனிதக் குரல் இல்லை. பல வருஷமாக முழுச் சத்தத்தில் ஓடி ஓடிப் பழுத்த வால்வு. மழைக்கும் ஓடைக்கும் மேலே, பாகு மாதிரித் திரண்டு, ஒவ்வொரு பெயரும் மரத்துக்கு மரம் உறுமிக்கொண்டே போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேசட்டில் கேட்டது இதுதான்.

பெண்கள் குலவை போட்டுவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த சுந்தரம்மாள் என்னைப் பார்த்து நின்றாள்.

"வாய மூடுப்பு, மழ உள்ள போயிரும். வெரசாப் பாலத்தத் தாண்டு."

அக்கா, இந்தச் சத்தம் மேலே எதுவரைக்கும் வரும் என்று கேட்டேன்.

"கடேசிப் பாத்தி வரைக்கும் வந்து முடியப் பிடிச்சு இழுக்கும். எம் புருசன் பக்கத்துல நின்னு கூப்புட்டாக்கூட இம்புட்டுத் தெளிவாக் கேக்காது" என்றாள். பின்னால் வந்த அவள் மகள் பேச்சி, அப்பாவுக்கும் ஒரு கோளாம்பி வாங்கிக் கட்டிவிடலாம் என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பாலம் தாண்டினார்கள்.

நல்லவர்கள். இதை நான் எங்கும் மறுக்கவில்லை.

அடுத்த வாரமே முதலாளியிடம் போனேன். பழைய செட் ஷாக் அடிக்கும் என்றேன். கோட்டைச்சாமி ஈரக் கையோடு தொடுகிறார், ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் தலையில்தான் விடியும் என்றேன். எங்கள் குழுவின் புது டிரான்சிஸ்டர் பெட்டியைத் தருகிறேன், அந்தப் பழசை அப்புறப்படுத்துகிற சோலியையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்டார்:

"புதுசக் குடுத்துட்டுப் பழச எடுத்துட்டுப் போறேங்கிற. ஒனக்கென்ன தம்பி லாபம்?"

ஜனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் பெயரைச் சொல்லி ஜெபித்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஷாக் அடித்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை.

புதுப் பெட்டியை மாட்டியபோது கோட்டைச்சாமிக்கு மட்டும் மனசில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்து, அழகாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு பெண்கள் யாரும் வராத நாளாகப் பார்த்து, அக்கரைக்குப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

"நீதானப்பு காது உள்ளவன்னு சொல்லிக்கிற. போயி நில்லு. நான் கூப்புடுறேன். கேட்டா ஒரு குலவயப் போடு. வரலைன்னா இந்தச் சனியனக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிருவோம்."

போனேன். பாதிச் சரிவில், சுந்தரம்மாள் குனிந்து காய் எடுக்கிற பாத்தி ஓரமாக நின்றேன். அன்றைக்கு மழை இல்லை. காற்றுகூட இல்லை. ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. நின்றேன். அவர் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொறுமையான மனிதர், நிறுத்தியிருக்க மாட்டார். ஒன்றும் வரவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கூடப் பார்த்தேன். ஓடைதான் கேட்டது.

கழற்றி வைத்த பழைய பெட்டி ஸ்டோர் வாசலில் சாக்கு சுற்றி இருந்தது. ஜீப்பு நாலு மணிக்குக் கிளம்பும்.

குலவை போட்டேன்.

ஓடைக்கரை வரைக்கும் இறங்கி வந்து, ஸ்டோருக்குக் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். சுமாராகத்தான் வந்தது என்று நினைத்தேன். திரும்பிப் போனபோது கோட்டைச்சாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்க ஆத்தா போட்ட மாதிரியே இருந்துச்சப்பு என்றார். அதற்கப்புறம் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. பழைய பெட்டியை அவரே தூக்கி ஜீப்பில் வைத்து, குலுங்காமல் இருக்கப் பக்கத்தில் வைக்கோல் வைத்தார்.

பொய் சொன்னாயா என்று கேட்டீர்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குலவை ஒரு வார்த்தை இல்லை. அதில் பொய் சொல்ல இடமில்லை.

பெட்டி நான் நினைத்ததற்கு மேலேயே இருந்தது. ஒரே ஒரு குறை. இத்தனை வருஷம் ஸ்டோரில் கிடந்ததால் உள்ளே ஏலத் தூசி படிந்திருந்தது. வால்வு சூடேறினால் அது கருகி வாசம் வரும். முதலில் பிடித்திருந்தது. இப்போது குடலைப் புரட்டுகிறது. நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயை நான் தொடாததற்கு அதுதான் காரணம், மரியாதைக் குறைவு இல்லை. ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஐப்பசியில் கல்லூரி விழா. மதியத்துக்கு மேல் எங்கள் நிகழ்ச்சி. வெளியே தூறல். மண்டபத்தில் கூட்டம். நான் முதல் சுரத்தைத் தட்டினேன். பெட்டி அதை வாங்கி, கெட்டியாக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஆங்கில வாத்தியார் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு வெளியே போனார். பையன்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதே நேரத்தில்தான் மேல் முகடு கருத்திருக்கிறது. கோட்டைச்சாமி மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். குலவை வரவில்லை. வராததால் நிறுத்தாமல் கூப்பிட்டிருக்கிறார். அவர் தூங்கிவிட்டார் என்றும் குடித்திருந்தார் என்றும் தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவரைக் கொண்டுவந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். தொண்டை கட்டி, பேச முடியாமல் இருக்கிறார். தூங்கினவனுக்குத் தொண்டை கட்டாது, ஐயா. அவர் கூப்பிட்டது எனக்குத் தெரியும். கடைசியில் மைக்கைப் போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் பெண்கள் வழக்கமான நேரத்துக்கு இறங்கிப் பாலத்தில் ஏறிவிட்டார்கள். முன்னால் சுந்தரம்மாள், பின்னால் பேச்சி. தண்ணீர் மரத்தோடு எடுத்துக்கொண்டு போனது. பேச்சியின் உடலைக் கீழே பாறையிடுக்கில் எடுத்தார்கள். சுந்தரம்மாளை இன்னும் தேடுகிறார்கள்.

நான் யாரையும் கொல்லவில்லை. ஒரு ஆம்பிளிஃபையரைத் தேர்ந்தெடுத்தேன். பாலம் போட்டது நானில்லை. மழைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சரிவில் காய் எடுக்கச் சொன்னதும் நானில்லை. முதலாளி விரும்பித்தான் கொடுத்தார். கோட்டைச்சாமி தானே தூக்கி ஜீப்பில் வைத்தார். எல்லோருடைய சம்மதத்தோடும் நடந்த காரியம் இது.

மழை பிடித்தால் புதுப் பெட்டி அக்கரைக்குக் கேட்காது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மழை இல்லாதபோதே கேட்காது என்று தெரியும். எனக்குக் காது இருக்கிறது.

நான் வந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பெட்டியை நேற்றுக் கல்லூரியிலிருந்து எடுத்து வந்து உங்கள் பின்கட்டில் வைத்திருக்கிறீர்கள். அங்கே தகரக் கூரை ஒழுகுகிறது. வால்வுக்கு ஈரம் ஆகாது. சனிக்கிழமை பொட்டிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம் என்றுதான் வந்தேன். கோட்டைச்சாமியையும் அனுப்பிவிடுங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பார்க்காமல் இருந்தால் போதும். நான் உள்ளே வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு வாந்தி வந்துவிட்டது. உங்கள் வாசலில்தான் எடுத்தேன், மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கடைசியாக ஏதோ கேட்டீர்கள். குனிந்து, என் முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டீர்கள். தகரத்தின் மேல் மழை பிடித்துவிட்டது. ஒன்றும் காதில் விழவில்லை.

பரவாயில்லை. ஆமாம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.