கூரைமேல் ஒரு பட்டம்

எனக்குத் துணி மடிக்க நன்றாக வரும். எவ்வளவு பெரிய விரிப்பைக் கொடுத்தாலும் ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்துவிடுவேன். அம்மாவிடம் கற்றது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பைத் துவைத்து மடிப்பதுதான் அவளுடைய வேலை. பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த எதிர்முனை நான்தான்.

எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. நான் ஒரு சால்வையை மடித்து வைப்பதைப் பார்த்த இயக்குநர், "பரவாயில்லையே, இது ரத்தத்துலயே இருக்கு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய தாத்தாவும் அதே நாற்காலியில் இருந்தவர். அவர் ரத்தத்தில் நாற்காலி இருந்தது. அதைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை.

பிறகு சண்டை வந்தது. விமானங்கள் முதலில் பாலத்தை அடித்தன, அடுத்துச் சந்தையை. சந்தையில் தராசுக்கு முன்னால் ஒரு வியாபாரி உட்கார்ந்தபடியே இருந்தார். கழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. தராசு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் எங்கள் அருங்காட்சியகம். பல நாடுகள் சேர்ந்த ஒரு குழு நடுவில் நின்று பேசியது. அந்தக் குழுவிலிருந்து ஓர் அம்மாள் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தொப்பியைக் கழற்றவே மாட்டார் என்பதால் தொப்பியம்மா என்று கூப்பிட்டோம். நீலமும் வெள்ளையுமாக ஒரு கேடயச் சின்னம். அதைக் கூரையில் விரித்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் குண்டு போடக் கூடாது. உள்ளே ஒரு சிப்பாய், ஒரு துப்பாக்கி இருக்கக் கூடாது. வேறு எந்த இடத்திலும் அந்தச் சின்னத்தைப் போடக் கூடாது. ஓர் இடத்தில் ஏமாற்றினால் எல்லா இடத்திலும் அதன் மதிப்பு போய்விடும்.

குழு அனுப்பிய துணி எல்லையில் மாட்டிக்கொண்டது. நான் ஆஸ்பத்திரியின் கிழிந்த விரிப்புகளைக் கேட்டு வாங்கினேன். அம்மா தைத்துக் கொடுத்தாள். ஓரத்தை மூன்று முறை மடித்துத் தைத்தாள். "காத்துல பிரிஞ்சுடக் கூடாதுல்ல."

அதற்குப் பிறகு சுற்றிலும் குண்டு விழுந்தது, அருங்காட்சியகத்தில் ஓர் ஓடுகூட உடையவில்லை. எங்கள் சந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கீழே கூர்முனையோடு இருந்ததால் அந்தச் சின்னத்துக்குப் பட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு மாலை அம்மா கேட்டாள். "துணி மிச்சம் கெடக்குடி. நம்ம கூரை மேலயும் ஒண்ணு போட்டா என்ன?"

"அது பழமையான பொருளுக்கு மட்டும்தாம்மா. வீட்டுக்குப் போட்டா குத்தம்."

"எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. இன்னும் எவ்வளவு பழசாகணும்?"

பக்கத்து வீட்டு டிரைவர் மாமா, "நீ பல்லைக் காட்டிட்டு மேல பாத்துப் படுத்துக்கக்கா. கல்வெட்டுன்னு நெனச்சு விட்டுருவான்" என்றார். சந்தே சிரித்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நீ வாங்குன பட்டம் எங்களுக்கு என்னத்தைக் கிழிச்சுது? இந்தப் பட்டமாவது உதவட்டுமேம்மா" என்றார். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டேன். வேலை அப்படி.

ஒரு நாள் காலையில் தொப்பியம்மா வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை மேசையில் விரித்தார். அதில் இரண்டு சின்னங்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது. இன்னொன்று மூன்று தகரக் கூரைகளின்மேல், நீலம் கொஞ்சம் வெளிறி, ஆனால் அளவு பிசகாமல். அந்தப் பக்கமெல்லாம் இடிந்து கிடந்தது. அந்தச் சந்து மட்டும் நின்றது.

இயக்குநர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காயப்போட்ட துணியா இருக்கும்" என்றார். தொப்பியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் தனக்கு எதுவும் தெரியாது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது போலி. எங்க சந்து" என்றேன்.

இயக்குநர் என் பின்னால் நடைவழிவரை வந்தார். "உனக்கென்ன பைத்தியமா? உங்க ஜனங்கதானேம்மா, விட்டுத் தொலையேன்."

உங்க ஜனங்க. உங்கள் விசாரணைத் தாளில் அதை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொள்ளும் வசதி அவருக்கு உண்டு. அவர் ஒரு விதியை மீறினால் பெரிய மனது என்பார்கள். நான் மீறினால், அந்தச் சந்து புத்தி எங்கே போகும் என்பார்கள். எங்கள் ஆட்கள் கள்ளத்தனம் செய்யாமல் இருப்பார்கள் என்று அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. உள்ளே எத்தனை தலைமுறைகளின் கைவேலை இருந்தது என்பதையும் யோசியுங்கள். நான் நியாயமாகத்தான் நடந்தேன்.

நேராகச் சந்துக்குப் போனேன். அம்மாவிடம் சண்டை போடவில்லை. "சாயம் போயிடுச்சும்மா, மேலேருந்து பாத்தா தெரியல. புதுத்துணி வந்திருக்கு. இதை எடுத்துட்டு அதைப் போட்டுடலாம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எம் பொண்ணு!" என்று டிரைவர் மாமாவிடம் சொன்னாள். அவர்தான் கூரையேறித் துணியை இறக்கிக் கொடுத்தார். நானும் அம்மாவும் சந்தின் நடுவில் நின்று மடித்தோம். அவள் ஒரு முனை, நான் எதிர்முனை. ஓரத்தைச் சேர்த்து, நடந்து வந்து, அவள் கையில் என் முனையைக் கொடுத்து, குனிந்து மடிப்பை எடுத்து. ஒவ்வொரு தடவையும் எங்கள் விரல்கள் பட்டுக்கொண்டன.

"கெட்டித் துணியா பாத்து எடுத்துட்டு வா" என்றாள்.

புதுத்துணி எதுவும் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர்மேல் சந்தேகப்படுகிறீர்கள். அவர் இல்லை. சந்துக்குப் போவதற்கு முன்பே குழுவின் வானொலி இணைப்பில் நான்தான் தகவல் அனுப்பினேன்: இரண்டாவது சின்னம் போலி, கணக்கில் எடுக்க வேண்டாம். வரும் தகவல் எதுவானாலும் இரு தரப்புக்கும் போகும், அதுதான் ஏற்பாடு. போலிச் சின்னம் என்றால் அடியில் ஆயுதம் இருக்கிறது என்றுதான் விமானப்படை எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியுமா? தெரியும். தொப்பியம்மா பயிற்சியில் முதலில் சொன்னதே அதுதான்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் அடித்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கூரைத் தகரங்கள் காகிதம்போல் மேலே போய், சுழன்று சுழன்று இறங்கின. புகை அடங்கியதும் போனேன். டிரைவர் மாமாவைச் சுவரிலிருந்து சுரண்டித்தான் எடுத்தார்கள். மாமி அவர் செருப்பை வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு எங்க, இன்னொண்ணு எங்க" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் வலது கை தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. சோப்பு அரித்த விரல்கள், அதனால் அடையாளம் தெரிந்தது. மீதி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு தலையணை உறையில் வைத்து மடித்தேன்.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதுங்கள்.

சந்துத் துணி என்னிடம்தான் இருக்கிறது. சண்டை நின்றதும் அதைச் சேகரிப்பில் சேர்த்துவிட்டேன். போர்க்காலக் கைத்தையல், பருத்தி. தூசி படாது, பூச்சி அரிக்காது, வெளிச்சம் படாது. இனி எந்த நாட்டு விமானமும் அதன்மேல் குண்டு போட முடியாது. அத்தனை நாடுகளும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. செய்தவர் யார் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதினேன். பெயரைப் போட்டால் போலி என்று எடுத்து எறிந்துவிடுவார்களே.

இன்னும் எவ்வளவு பழசாகணும் என்று கேட்டாள் அல்லவா? இப்போது ஆகிவிட்டாள்.

நான் அம்மாவைக் கொன்றுவிட்டதாக உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்துக்குப் போய் மூன்றாவது அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு சுருக்கம் இல்லாமல், பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன் அவளை.