கைராசிக் கம்பவுண்டர்

ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஐயா. பின்னால் ஒரு கையகலமாவது இடம் விட்டால்தான் சூடு வெளியே போகும். இந்த அறையில் இருப்பது நான் வந்ததிலிருந்து முனகிக்கொண்டே இருக்கிறது. பிறகு யாரையாவது நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பாலத்தடி ஆஸ்பத்திரியில் இரண்டு ஃப்ரிட்ஜ். ஒன்று எங்கள் ஊர் வாங்கியது, மற்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கரைக்காரர்கள் வாங்கியது. ஒன்றே போதும் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். ஊர்க் கௌரவம் கேட்குமா? அவரவர் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து அவரவர் ஃப்ரிட்ஜில் என்று முடிவாயிற்று. ஜெனரேட்டர் மட்டும் பொது, டீசல் செலவு பாதிக்குப் பாதி. டாக்டர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் கம்பவுண்டர் நான்தான். இரு கரையிலும் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். நான் ஊசி போட்டால் குழந்தை அழாதாம். அது உண்மைதான். முதலில் பேச்சுக் கொடுத்துவிடுவேன்.

கோடை தொடங்கும்போது அக்கரைக்காரர்கள் டீசல் பங்கை நிறுத்திவிட்டார்கள். கேட்டு வர எங்கள் ஊர்க்காரர்கள் என்னை அனுப்பினார்கள். அக்கரைத் தலைவர் வீட்டு வாசலில், உச்சி வெயிலில் நின்றேன். உள்ளே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரி உங்க கரையிலதானே இருக்கு? அனுபவிக்கிறது நீங்க. நாங்க எதுக்கு அழணும்?"

"குழந்தைங்க மருந்து கெட்டுப்போயிடுங்க" என்றேன்.

"கெட்டா கெடட்டும். மிரட்டிக் காசு பாக்கலாம்னு வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பங்கு தராதவர்களுக்குப் பங்கு கிடையாது, அவ்வளவுதான்.

கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டரை எங்கள் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் கொடுத்தேன். ஒரு வயரைப் பிடுங்கி விடுகிற வேலைதான். அந்தக் கோடையில் காலையில் போகிற கரண்ட் பொழுது சாய்ந்துதான் வரும். டாக்டர் வரும் நாளில் வயரைத் திரும்பச் சொருகிவிடுவேன். அவரை வீணாக ஏன் கவலைப்பட வைக்க வேண்டும்?

தட்டம்மை மருந்துக் குப்பியின் மூடியில் ஒரு சின்னச் சதுரம் உண்டு. அது வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. சூடு பட்டால் கறுத்துவிடும். அக்கரைக் குப்பிகள் கறுத்தன. கறுத்தால் மருந்து விஷமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வீரியம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் எல்லாக் குழந்தைகளுக்கும் எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்தே போடச் சொல்லியிருப்பார். இளகிய மனசு அவருக்கு. அப்புறம் எவன் டீசலுக்குப் பங்கு தருவான்?

ஆகவே ஊசி நாளன்று அந்த மூடிகளை முன்னதாகவே கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். அக்கரைத் தாய்மார்கள் குழந்தைகளுக்குத் தலை சீவி, பவுடர் பூசி, பாலத்தைக் கடந்து வரிசையாக வந்தார்கள். ஒருவரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. தையல்காரர் மனைவி, மகளை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே பயமில்லையே கம்பவுண்டரே?" என்று கேட்டாள்.

"பயமே வேணாம்மா. தைரியமா போ" என்றேன். கலங்கிப்போய் நிற்கிறவளிடம் வேறு என்ன சொல்வது?

மழை தொடங்கிய பிறகு அக்கரையில் தட்டம்மை பரவியது. முதலில் போனது அந்தத் தையல்காரர் மகள். அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. பிறகு அடுத்தடுத்து. சோறு தண்ணீர் பார்க்காமல் அத்தனை பேரையும் கவனித்தேன், விசாரித்துப் பாருங்கள். சில குழந்தைகள் என் கையிலேயே கண்ணை மூடினார்கள். அழுதேன், அது நடிப்பில்லை. தலைவரின் பேத்தியும் போனாள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். எனக்கு அந்த மரியாதை தெரியும்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது அக்கரையில்தான், தையல்காரர் இருக்கும் அதே தெரு. அவள் மகனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. தெரு முழுக்கப் பிள்ளைகள் படுத்துக் கிடந்தபோது அவன் மட்டும் வாசலில் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அண்ணன் கைராசி என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். மகளைப் பறிகொடுத்த தையல்காரர் மனைவிதான் அவளிடம், "எல்லாருக்கும் போட்டது ஒரே கைதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, என் பிள்ளை முறை வந்ததும் எந்திரிச்சுப் போனியே, எந்த ஃப்ரிட்ஜைத் திறந்தே?" என்று கேட்டாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், நான் வளர்த்த பெண்.

ஆமாம். அவள் மகன் முறை வந்தபோது கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து, சதுரம் வெளுப்பாக இருந்த குப்பியைப் பார்த்து எடுத்தேன். தாய்மாமன் அல்லவா? அவனுக்குப் போட்டு முடித்ததும், தட்டில் வைத்திருந்த ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன். மற்றபடி, யாருக்காவது கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியாது, ஐயா.