ஹஃப்ஸாவின் சுருதி

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் மைக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அறையைப் பாருங்கள் என்பேன் நான். அறை ஒழுங்காக இருந்தால் சுமாரான மைக்கே போதும்.

எங்கள் அறை தானாக அமைந்தது. அத்தா பஷீர் அகமதுக்குப் பெரிய கடை வீதியில் போர்வைக் கடை. பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடியில்தான் சரக்கு அறை. மூன்று பக்கமும் கூரை வரைக்கும் போர்வைக் கட்டுகள். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் கையோடு நின்றுவிடும். பெரிய மைக்குக்கும் நான் ஆசைப்படவில்லை. விலை கூடிய ரகமெல்லாம் தெருவில் போகிற ஆட்டோவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். மேடையில் வாயருகே பிடித்துப் பாடுகிற சாதாரண மைக் ஒன்று, அதை லேப்டாப்போடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். ஹெட்போனில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. பாடுகிறவர் தன் குரலை அதில் எப்படிக் கேட்கிறாரோ அப்படித்தான் நம்புவார்.

எல்லாம் என் தங்கை ஹஃப்ஸாவுக்காக வாங்கியது. என் பெயர் சம்ரீன். அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். தில்லைநகரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன்.

சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேருமே பாடுவோம். மீலாது நாட்களில் சொந்தக்காரர் வீடுகளில் எங்களை உட்கார வைத்து நபி புகழ் பாடச் சொல்வார்கள். "அக்காவும் தங்கச்சியும் ஒரே குரல்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மைக் வந்த முதல் நாள் ஆளுக்கொரு பாட்டுப் பாடிப் பதிந்து கேட்டோம். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். பிறகு ஹஃப்ஸாவின் குரலைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "உன்னுதும் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள். அந்த 'உம்' அவளுக்குத் தெரியாமல் வந்து விழுந்தது. அன்றிலிருந்து நான் லேப்டாப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். வருத்தமில்லை. யாராவது ஒருவர் அங்கே உட்கார வேண்டும்.

அவள் பாடும்போது அம்மாவும் மாடிக்கு வருவார். அம்மா கமர் ஜஹான் ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் பாடியவர். முப்பத்தாறு வயதில் காது மங்கத் தொடங்கியது. அது தெரியாமலே ஒரு கல்யாணத்தில் சுருதி விலகிப் பாட, பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாடவில்லை. இப்போது ஒன்றுமே கேட்காது. ஹஃப்ஸாவின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் கையை எடுப்பார்.

முகம் காட்டக்கூடாது, குரல் மட்டும் போதும் என்பது அத்தா வைத்த நிபந்தனை. அப்படியே யூடியூபில் பதினொரு பாட்டு போட்டோம். ஒரு நாள் சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் பேசினார். புதிதாக மூன்று பாட்டு பாடி அனுப்பச் சொன்னார். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிப் பாட வேண்டியிருக்கும் என்றார்.

அத்தா மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "போகட்டும். எங்க மாமி வீடு ராயபுரத்துல இருக்குல்ல, அங்க தங்கிக்கட்டும். உங்கம்மாவுக்கு கெடைக்காதது இவளுக்காச்சும் கெடைக்கட்டும்."

"அக்காவும் வரட்டும்த்தா" என்றாள் ஹஃப்ஸா.

"அவ எதுக்கும்மா? அம்மாவ யார் பாத்துக்குறது?"

அது நியாயம்தான். நான் தலையசைத்தேன். அத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

மறுநாளே பதிவைத் தொடங்கினோம். முதல் பாட்டை ஒரே மூச்சில் பாடினாள். நான் பதிந்தவற்றில் அதுதான் சிறந்தது. பாடிவிட்டு லுஹர் தொழக் கீழே போனாள். எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது.

பதிவில் பின்னணித் தம்புரா தனியாக இருக்கும், குரல் தனியாக இருக்கும். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் மாமா தப்பாகப் பாடியிருந்தால் குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சரிசெய்வது என் அன்றாட வேலை. ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கத் தெரியாதா? ஹஃப்ஸாவின் குரலை ஓர் இழை இறக்கினேன். எல்லா இடத்திலும் அல்ல. மேலே போகிற இடங்களில் மட்டும், அதுவும் ஒரே அளவாக இல்லாமல். ஒரே அளவாக இருந்தால் கருவியின் வேலை என்று தெரிந்துவிடும். மனிதர்கள் ஒரே அளவாகத் தவறுவதில்லை.

அவள் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டாவது வரியில் முகம் மாறியது.

"அக்கா, எறங்குதே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

மறுபடி பாடினாள். இடையில் டீ போட்டுக் கொண்டு வரச் சொல்லி அவளைக் கீழே அனுப்பினேன். வந்து ஹெட்போனில் கேட்டாள், மறுபடி இறங்கியிருந்தது. இப்படியே மூன்று வாரம் போனது. ஒவ்வொரு முறையும் அவளை வெளியே அனுப்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சிரமம். ஒரு நாள் வெறுமனே மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "பாடும்போது சரியாத்தான்க்கா இருக்கு. கேட்டாத்தான் தப்பு தெரியுது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அம்மாவை நினைத்து நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பயம் அவளாகக் கொண்டுவந்தது. நான் மறுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் காது பரிசோதிக்கிற இடத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடியிருந்த சமயம். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து பஸ் சுற்றிக்கொண்டு போனது. வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். அங்கே தேவதர்ஷினி என்ற பெண் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தாள். வெளியே வந்து சிரித்தாள்.

"உங்க காதுல ஒரு குறையும் இல்லைங்க. சுருதி இவ்வளவு சின்னதா எறங்குறது தெரியுதுன்னா, எங்க எல்லாரையும் விட நல்ல காதுங்க உங்களுக்கு."

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன், நிம்மதியாகக்கூட இருந்தது. திரும்பி வரும்போது ஹஃப்ஸா அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க மெஷினப் பத்தி நமக்கு என்னக்கா தெரியும்? நம்மளது நீ பாத்துப் பாத்து வாங்குனது. அது தப்பாச் சொல்லாது."

ஜன்னலோரம் இருந்தது அவள்தான். அழுததை நான் கண்ணாடியில் பார்த்தேன். சொல்வதாக இருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் கூட்டமாக இருந்தது.

சென்னைக்காரர் இரண்டு முறை பேசினார். "பழைய பாட்டெல்லாம் பிரமாதமா இருக்கே, அந்த மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்களேன்" என்றார். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றேன். யூடியூபில் இருந்த பதினொன்றையும் ஹஃப்ஸா எடுத்துவிடச் சொன்னாள். "யாராச்சும் கேட்டு சிரிச்சிடுவாங்கக்கா." அவள் கேட்டதால்தான் எடுத்தேன்.

அம்மா சில நாள் மாடிக்கு வந்து போர்வைக் கட்டின் மேல் காத்திருந்தார். பிறகு, தன் காதுக்கே எட்டாத அந்தத் தட்டையான குரலில் என்னிடம் கேட்டார்: "புள்ள ஏன் பாட மாட்டேங்குது?" தொண்டைக்கட்டு என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். அவர் என் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். நான் பாடவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் முசிறியிலிருந்து ஹாலித் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல மனிதர், வாழைமண்டி வைத்திருக்கிறார். ஹஃப்ஸா மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணமாகி அவள் புறப்பட்ட அன்றுதான் ஒன்று புரிந்தது. சென்னைக்கு அனுப்பாமல் நான் வைத்துக்கொண்டவள் எப்படியும் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பாட்டு மட்டும்தான் கூடப் போகவில்லை.

அம்மாவுக்காகச் செய்தேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அவளைப் பிரிய முடியாமல் செய்தேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அவளுடைய அசல் பதிவுகளை நான் அழிக்கவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வாரம் ஒரு முறை கேட்கிறேன். அவளுக்குக் கெடுதல் நினைத்தவள் அப்படி வைத்திருப்பாளா?

போன மாதம் முசிறிக்குப் போயிருந்தேன். பெண் குழந்தை, ஐந்து மாதம். மத்தியான வேளை. தொட்டிலில் அழுதுகொண்டிருந்தது. ஹஃப்ஸா செல்போனை எடுத்து ஏதோ ஒரு தாலாட்டை ஓட விட்டுத் தொட்டிலில் வைத்தாள்.

"நீ பாடேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"வேணாங்க்கா. பச்சப் புள்ள. தப்பான சுருதியக் கேட்டுப் பழகிடுச்சுன்னா அப்புறம் திருத்த முடியாது." செல்போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ பாடு. நீ பாடுனா சரியா இருக்கும்."

நான் பாடினேன். குழந்தையின் அழுகை அடங்கிக் கண் சொருகியது. ஹஃப்ஸா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவது அடியில் நான் சுருதி விலகினேன். எனக்கே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவள் புருவம் லேசாக அசைந்தது, உடனே தன் காதை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எவ்வளவு நல்லாப் பாடுற" என்றாள்.

அப்போதே சொல்லியிருப்பேன். நடுவில் நிறுத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளுமே என்றுதான் பாட்டை முழுவதும் பாடி முடித்தேன்.