ஒரு பக்கத்துக்கு இரண்டு தேதி

டீச்சர், முதியோர் பராமரிப்பு வகுப்புக்காக நான் எழுதும் நாட்குறிப்பைத் திருத்திக் கொடுத்ததற்கு நன்றி. எட்டு மாதக் குறிப்பில் இரண்டே இடத்தில்தான் சிவப்பு மை. 'படுக்கைப் புண்' என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று உங்கள் கேள்வி: 'ஏன் பக்கத்துக்கு இரண்டு தேதி?'

மேலே இருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான தேதி. கீழே இருப்பது எங்கள் வீட்டுத் தேதி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் ஒரு வரியில் முடிக்க எனக்கு வராது. அதனால்தான் அத்தை எனக்கு அரைப்புள்ளி என்று பேர் வைத்தார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. முப்பத்தெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "வந்தவன் எழுதின கடுதாசிலயே ஏழு பிழை. எட்டாவதா நான் எதுக்கு?" என்பார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அவரோடுதான் இருந்தேன். வீட்டை என் பேருக்கு உயில் எழுதியிருந்தார். மூன்று அறை, ஒரு மாடிப்படி, காலையில் அடுப்படி ஜன்னலில் வெயில். இதற்கு மேல் வர்ணித்தால் ஆசைப்படுகிறவள் போலத் தோன்றும்.

போன வருடம் அத்தையின் இரண்டு முழங்காலும் வேலைநிறுத்தம் செய்தன. குளியலறையில் ஒரு முறை விழுந்தார். தூக்கப் போய் நானும் விழுந்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்து முடித்ததும், முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவது என்று அவரே முடிவு செய்தார். அந்தக் கட்டணத்துக்கு அவருடைய ஓய்வூதியம் பாதிகூடப் போதாது.

"வீட்டை வித்துடுவோம்டி."

"அப்போ நான், அத்தை?"

"உனக்கென்ன, கையும் காலும் நல்லா இருக்கு. வாடகை வீட்டுல இருந்தா தேஞ்சா போயிடுவ?"

அன்றைய பக்கத்தில் 'அத்தை உற்சாகமாக இருந்தார்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அத்தையிடம் ஒரு பராமரிப்புக் காப்பீடும் இருந்தது. இருபது வருடமாகக் கட்டி வந்தது. விதிகளை மூன்று முறை படித்தேன். முழங்காலுக்கு ஒன்றும் கிடையாது. நினைவு தப்பிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஆயுள் முழுக்க இல்லத்துக் கட்டணம் அவர்கள் பொறுப்பு. அத்தைக்கோ தலை மட்டும்தான் நன்றாக இருந்தது. சரியாக இருக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று, அது சரியாக இருந்தது.

அதே வாரம்தான் வகுப்பில் நீங்கள் நினைவுப் பரிசோதனைப் பாடம் எடுத்தீர்கள். இன்று என்ன தேதி, என்ன கிழமை. மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பது. தன்மேல் நம்பிக்கை போன முதியவர் தெரிந்ததைக்கூடத் தவறாகச் சொல்வார், கவனமாக இருங்கள் என்றீர்கள். அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை.

அத்தைக்குத் தொழிலில் ஒரு விதி உண்டு. "ஞாபகத்தை நம்புறவ பிழை திருத்தவே கூடாது. தாள்ல என்ன இருக்கோ அதுதான் சரி." எனக்குச் சிறுவயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது. நான் அதைத்தான் பின்பற்றினேன்.

தேதிக் காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. சில நாள் கிழிக்காமலே விட்டேன். பேப்பர்காரரை நிறுத்திவிட்டு, பழைய பேப்பர்களில் அந்தத் தேதிக்குப் பொருந்துவதை வாங்கி வந்தேன். அத்தையின் போனிலும் தேதியை மாற்றினேன். எது எந்த நாள் என்று எனக்கே குழம்பிவிடக் கூடாதே என்றுதான் பக்கத்துக்கு இரண்டு தேதி எழுத ஆரம்பித்தேன். நீங்கள் சொன்ன ஒழுங்குமுறைதான்.

சாயங்காலங்களில் ஒரு விளையாட்டு. ஒரு சீட்டைப் பார்த்து மூன்று சொல் படிப்பேன். ஐந்து நிமிடம் கழித்து அத்தை சொல்வார்: "குடை, சாவி, தட்டு." நான் மடியிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்து நீட்டுவேன்.

"தொட்டின்னு எழுதியிருக்கே?" கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். "நீ தட்டுன்னுதானேடி படிச்ச?"

"தாளைப் பாருங்க, அத்தை."

"அப்போ பிழை என் தலைலதான். அச்சு தேஞ்சுபோச்சு போல," என்று சிரிப்பார்.

இது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதனால் முதல் மாதம் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் செய்தேன். வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். பத்தாவது வாரம் பேப்பரில் பிழை திருத்துவதை அத்தை நிறுத்திவிட்டார். சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்து, "இனிமே நீயே வச்சுக்கோ" என்றார். சிரிப்பதும் அதற்கப்புறம் குறைந்தது. ஒருநாள் விரிப்பு மாற்றும்போது தலையணைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. தன்னுடைய பெயரை எழுதி வைத்திருந்தார். அதை நான் மாற்றவில்லை. எனக்கும் ஓர் எல்லை உண்டு.

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். தேதி கேட்டதற்கு அத்தை எங்கள் வீட்டுத் தேதியைச் சொன்னார். பதின்மூன்று நாள் பின்தங்கியிருந்தது. பிறகு பேனா, ஏணி, மழை. ஐந்து நிமிடம் கழித்து அத்தையின் உதடுகள் அசைந்தன. நான் எதிரில்தான் இருந்தேன். பேனா, ஏணி, மழை என்றே அசைந்தன.

"சொல்லுங்கம்மா," என்றார் மருத்துவர்.

"என்னமோ தோணுது டாக்டர். ஆனா தப்பாத்தான் இருக்கும். தாளைக் காட்டுங்களேன்."

மருத்துவர் எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "நீங்க ரொம்பப் பொறுமையா பாத்துக்கிறீங்கம்மா" என்றார். இன்னும் பொறுமையாக இருந்திருக்கலாமோ என்று அன்றிரவு யோசித்தேன்.

இப்போது அத்தை இல்லத்தில் இருக்கிறார். கட்டணத்தைக் காப்பீடு கட்டுகிறது. வீடு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை என்பதால் ஞாயிறு தவறாமல் போய்ப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு கூடத்துப் பலகையில் செவிலியர் பெரிதாக 'ஞாயிறு' என்று எழுதியிருந்தார். அத்தை அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னிக்கு என்னடி கிழமை, அரைப்புள்ளி?"

"செவ்வாய், அத்தை." மேல் தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நாட்குறிப்பைக் காட்டினேன்.

அத்தை சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பலகைக்குப் போனார். 'ஞாயிறு' மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் பழைய அச்சகக் குறியைப் போட்டு, முத்துமுத்தாக 'செவ்வாய்' என்று எழுதினார். எட்டு மாதத்தில் அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

செவிலியர் பதிவேட்டை எடுத்து, 'நிலைமை மோசமாகிறது' என்று எழுதினார். நானும் அதை என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன், மேல் தேதியில்.

வீடு வரும்வரை அழுதேன், டீச்சர். அவ்வளவு கூர்மையான மனுஷி. என்ன கொடுமையான நோய் இது.