ராசித் துணியின் மறுபாதி

பெயர் கஸ்தூரி, வயது 67, காலஞ்சென்ற ராஜகுருவின் மனைவி, திருச்சுழி. என் கணவர் நினைவாக நடக்கும் பிரசவ விடுதியின் நிர்வாகத்தை நானே கவனித்து வருகிறேன். 1974 ஏப்ரல் மாதம் காவல் நிலையத்தில் ஏட்டு விசாரித்தபோது நான் கூறியதாவது:

நெசவாளர் வீட்டுக் குழந்தையின் துணியைச் சாதித் திமிரில் பிடுங்கி எரித்தேன் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். எரித்தது நான்தான். பிடுங்கவில்லை, கொடியில் கிடந்ததை எடுத்தேன். சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பங்குனியில் எங்கள் ஊர் நெசவாளர் வீட்டுக் கங்கம்மாளின் மகள் சௌடேஸ்வரிக்கு விடுதியில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, நன்றாகப் பிழைத்த குழந்தைகள் கிடந்த பழைய துணியே ராசி என்று அவர்கள் அப்படி ஒன்றைத் தேடினார்கள். எங்கள் ஆயா பிச்சையம்மாள், தான் முன்பு வேலை பார்த்த பாலவனத்தம் தனியார் விடுதியிலிருந்து ஒரு பழைய வேட்டித் துணியை வாங்கிவந்து கொடுத்தாள். அதற்கு முன் அது அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்ததாம். வெந்நீர் பட்டால் ராசி போய்விடும் என்று பச்சைத் தண்ணீரிலேயே அலசினார்கள்.

அதன் பிறகு குழந்தையின் அக்குளிலும் தொப்புளிலும் சீழ்க்கொப்புளம் கண்டது. டாக்டர் சண்முகவடிவு பெனிசிலின் ஊசி போட்டும் அடங்கவில்லை. அதன் பிறகு அடுத்த கட்டில் தாய்க்கு மார்பில் கட்டி வந்து, அதன் பிறகு கடைசிக் கட்டில் குழந்தைக்கும் கொப்புளம் வந்தது. மதுரைக்குச் சீழை அனுப்பிப் பார்த்ததில், பெனிசிலினுக்கும் வேறு இரண்டு மருந்துக்கும் இந்தக் கிருமி சாகாது என்று பதில் வந்தது. டாக்டர் பாலவனத்தம் போய் விசாரித்தார். அங்கும் இதே கொப்புளம், அங்கும் ஊசி கேட்கவில்லை, ஒரு குழந்தை இறந்திருந்தது. துணியில் வந்ததா, ஆயாவின் கையில் வந்ததா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும், இரண்டையும் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு விடுதியில் இருந்த துணி யாவையும் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தோம். அந்தத் துணியையும் கேட்டேன். கங்கம்மாள் தரவில்லை.

"இதுல கெடந்த புள்ள ஒண்ணுகூடச் சோடை போகல. கான்வென்டுல படிச்சவுகளுக்கு எங்க துணின்னா நாறத்தானம்மா செய்யும்" என்றாள்.

"பாலவனத்தத்துல ஒண்ணு போயிருச்சு, கங்கம்மா" என்றேன்.

"அது இந்தத் துணியில கெடக்கல."

பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "இதுலதாம்மா கெடந்துச்சு. அதச் சொன்னா அப்பறம் யாரு வாங்குவாக?" என்றாள்.

நான் நேரே கொடிக்குப் போய்த் துணியை எடுத்து, கொல்லையில் அண்டா அடுப்புக்குள் போட்டேன். பிச்சையம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். "பாதிதாம்மா எரியுது" என்றாள். மறுபாதியை, துணியை வாங்கிவந்த அன்றே பஸ்ஸில் கெஞ்சிக் கேட்ட ஒரு கர்ப்பிணிக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். பெண்ணின் பெயர் தெரியாது. தலைப்பிரசவத்துக்கு மல்லாங்கிணற்றில் தாய்வீட்டுக்குப் போவதாகச் சொன்னாளாம்.

அதன் பிறகு ஆயாவை நிறுத்திவிட்டேன். சௌடேஸ்வரியின் குழந்தையை மதுரைக்கு அனுப்பினோம். அங்கும் இது பரவிவிடாமல் தனியாக வைக்கும்படி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நேற்று வரை குழந்தை உயிரோடு இருக்கிறது.

துணியை எரித்த மறுநாளே மல்லாங்கிணறு போனேன். வெள்ளைச் சேலை உடுத்தியவள் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டை விசாரிக்கிறாள் என்று எல்லா வாசலிலும் என்னை நிறுத்தினார்கள். ஒரு வீட்டுக்குள் குழந்தை விடாமல் அழுதது. எதனால் அழுகிறது என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவை என்னால் திறக்க முடியாது. போலீஸ் தட்டினால் திறப்பார்கள். வீட்டின் அடையாளத்தை ஏட்டிடம் சொல்லியிருக்கிறேன். என் மீது வழக்கு நடக்கட்டும், வருகிறேன். முதலில் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

எழுதியதை வாங்கி நானே வாசித்தேன். "பிடுங்கி" என்று இருந்த ஓரிடத்தை "எடுத்து" என்று திருத்தச் செய்தேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. உண்மை தவிர ஏதும் சொல்லவில்லை.

துணி கிடைத்ததா, அதில் கிடக்கும் குழந்தைக்குக் கொப்புளம் உண்டா என்ற இரண்டுக்கும் எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ரா. கஸ்தூரி