நல்லெண்ணெய்க்கு அனுமதி

சிந்தக்கூடிய எண்ணெயை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரக் கூடாது என்பது விதி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வண்டியில் அதைக் கேட்பாரில்லை. எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள் பாதி காலியான ஆலிவ் எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத கோயில் வெளக்குல ஊத்தலாமா?" என்று பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்டார்.

"வெல ஜாஸ்தியாச்சேக்கா. சமைக்கிறதுதான?"

"சமைக்காமயா? வத்தக்கொழம்பு, தோச, இட்லிப் பொடி எல்லாத்துக்கும் இதான். எங்க வூட்டுக்காரருக்கு அட்டாக் வந்ததும், இனிமே வேற எண்ணெயே கூடாதுன்னு துபாய்லேர்ந்து புள்ள அனுப்பிச்சான்."

"அவரு சாப்ட்டாரா?"

"மோந்து பாத்துட்டுத் தட்டத் தள்ளிடுவாரு. எளச்சித் துரும்பாயிட்டாரு. ஒரு நாளு, பொடிக்கு மட்டும் நல்லெண்ண ஊத்துடின்னு கெஞ்சுனாரு. புள்ளைக்கிப் போன் போட்டேன். டாக்டரக் கேட்டுச் சொல்றேன்னான்."

"அதுக்குள்ள ஒரு ஸ்பூன் ஊத்தியிருக்கலாமேக்கா."

"படிச்ச புள்ள. அவன் சொல்லாம எப்புடி ஊத்துறது?"

மேலிடத்து அனுமதி வராமல் அசையாத இப்படிப்பட்டவர்களை நான் அலுவலகங்களில் மட்டுமே பார்த்திருந்தேன். வண்டி ஆலப்பாக்கம் தாண்டியது. டின்னின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அந்த அம்மாள் திருகிப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் புள்ள சொன்னாரா இல்லியா?"

"சொன்னான். டாக்டரு ஊர்ல இல்லியாம், அதான் லேட்டாம். ஒரு ஸ்பூன் ஊத்தலாமாம், தப்பில்லியாம்."

"எப்ப சொன்னாரு?"

"அவரு கருமாதி அன்னைக்கி."