ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம்

— தலையை ஆட்டாதேன்னு சொன்னேன்ல? காது போனா நான் பொறுப்பில்ல.

— ஆட்டல. 'வேணாம்'னு சொல்றேன். ப்ளேன் வேணாம்னு வாயால சொல்லிப் பாத்தேன், உங்க காதுல ஏறல. அதான் தலையால சொல்றேன்.

— அப்பா, மூணு சீட்டையும் பிடிச்சு வெச்சிருக்கு. பதினாலு நிமிஷத்துக்குள்ள பட்டனை அமுக்கலைன்னா போயிடுமாம். இதோ ஓடுது. பதிமூணு நிமிஷம் ஐம்பது செகண்ட்.

— அந்தப் பவுடர் டப்பா மேல போனைச் சாய்ச்சு வை வக்கீலு. உங்கம்மாவுக்கும் தெரியட்டும். கேட்டுக்கோ டிரைவரம்மா. கடலுக்கு ப்ளேன்ல போனா ரெண்டே மணி நேரம். ரயில்ல முப்பத்தெட்டு மணி நேரம். முப்பத்தெட்டு மணி நேரத்துல நான் இந்தக் கடையில அறுபது பேருக்கு முடி வெட்டி முடிச்சிடுவேன்.

— அறுபது பேரா? நேத்து முழுக்க வந்ததே நாலு பேரு. அதுல ஒருத்தர் பேப்பர் படிக்க வந்த வழுக்கை.

— வழுக்கையா இருந்தாலும் தினமும் வராரு பாரு, அதுக்குப் பேருதான் மரியாதை.

— அப்பா, பாயிண்டுக்கு வாங்க.

— பாயிண்ட் இதுதான் மை லார்ட். லீவு விட்டா யாராவது ஆபீசுக்கே போய் உட்காருவாங்களா? நான் லீவுக்கு வேற ஊருக்குப் போய் அங்க ஒரு சலூன்ல உட்கார்ந்து வேடிக்கை பாப்பேனா?

— பாப்பீங்க. போன வருஷம் பாத்தீங்க. 'இவன் கத்தரிக்கோலைப் பிடிக்கறதே தப்பு'ன்னு அரை மணி நேரம் வெளியில நின்னு முனகினீங்க. அந்த ஆளு வந்து 'உள்ள வாங்க சார், ஷேவிங்கா?'ன்னு கேட்டாரு.

— அது தொழில் அக்கறை.

— எனக்கும் அதே அக்கறைதான்னு வெச்சுக்கோங்க. நான் என்ஜின்ல போகணும்னா கேக்கறேன்? பெட்டியில போகணும். ஜன்னலோரம் உட்காரணும். சிக்னல் வந்தா, அது வேற யாருக்கோ வந்ததுன்னு நான் பாட்டுக்குக் காலை நீட்டிக்கணும்.

— நீ நீட்டுவே! போன மாசம் பஸ்ல போனோமே, ஒவ்வொரு சிக்னலுக்கும் 'பச்சை'ன்னு கத்தினது யாரு?

— அது பழக்கம். நான் சிக்னலைப் பாத்து வாய்விட்டுச் சொல்லணும், பக்கத்துல இருக்கற உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லணும். ரெண்டு வாயும் ஒண்ணு சொன்னாத்தான் வண்டி போகும்.

— பஸ்ல திருப்பிச் சொன்னது முன் சீட்டுல தூங்கிட்டிருந்த மனுஷன். பாதித் தூக்கத்துல எழுந்து 'பச்சை, பச்சை'ன்னுட்டு அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டாரு. அவரு ஸ்டாப்பே அது இல்லையாம்.

— நானும் திருப்பிச் சொன்னேன்ப்பா.

— நீ எப்பவும் அவ கட்சிதானே. யாருப்பா கதவைத் தட்டறது? கடை மூடியிருக்கு சார்! உள்ள குடும்ப வழக்கு நடக்குது! நாலு மணிக்கு வாங்க, தீர்ப்பும் சொல்றேன், முடியும் வெட்டறேன்!

— பத்து நிமிஷம்.

— என்னங்க, கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் கேளுங்க.

— வெச்சுட்டேன். சீப்பையும் வெச்சுட்டேன். நிராயுதபாணியா நிக்கறேன், சொல்லு.

— பதினோரு வருஷமா அந்த ரயிலை ஓட்டறேன். எதுவரைக்கும் ஓட்டறேன்? நாலு மணி நேரம். ஜங்ஷன் வந்ததும் வேற டிரைவர் ஏறிக்குவாரு, நான் பையைத் தூக்கிட்டு இறங்கிடணும். அங்க ஓய்வறையில படுத்து எழுந்து, மறுநாள் வேற வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வரணும். நான் கொண்டுவந்து விட்ட ரயிலு, என்னை இறக்கிவிட்டுட்டு அது மட்டும் கடலுக்குப் போகுது.

— ம்.

— அந்த ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு மரம்கூடத் தெரியாதுங்க. ஒரு பாலம் இருக்காம். தாண்டறதுக்கே ஆறு நிமிஷமாம். கடைசி ஸ்டேஷன்ல தண்டவாளத்து மேல மணல் பறந்து வந்து விழுமாம். அங்க ஏறுற டிரைவருங்க சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். ஒரு தடவை இறங்கி நிக்கறேன், ஜன்னல்லேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு கேக்குது: 'ஆன்ட்டி, நீங்க வரலையா?'

— என்ன சொன்னே?

— 'அடுத்த தடவை வரேன்'னு சொன்னேன். அது ஆச்சு நாலு வருஷம். அது இப்ப காலேஜே போயிருக்கும்.

— நாலு வருஷத்துலயா? என்ன வேகம்! உன் ரயிலை விட வேகமா வளருது.

— அப்பா, அம்மா சீரியஸாப் பேசறாங்க.

— நானும் சீரியஸாத்தான் கேக்கறேன். மூஞ்சிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். பதினோரு வருஷத்துல நீங்க ஒரே ஒரு தடவைகூட நான் ஓட்டற வண்டியில வந்ததில்ல. டெப்போவுல ஒவ்வொருத்தரும் குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போய் வந்துட்டாங்க. 'என்னம்மா, நீ ஓட்டினா உங்க வீட்டுக்காரருக்குப் பயமா?'ன்னு முகத்துக்கு நேரா கேக்கறாங்க.

— அதுக்கு என்ன சொன்னே?

— 'அவருக்குக் கடையை விட்டு நகர முடியாது, அவ்வளவு கூட்டம்'னு சொன்னேன்.

— தலையைக் கொஞ்சம் குனி. பின்கழுத்துல நாலு முடி நிக்குது.

— பாத்தியாடி, பேச்சை மாத்தறாரு.

— பதிவு பண்ணிட்டேன்மா. அப்பா நேத்துலேர்ந்து இதுவரைக்கும் சொன்ன காரணங்கள்: நேரம் ஆகும், ரயில்ல தூக்கம் வராது, தூக்கம் வந்தா குறட்டை வரும், மேல் படுக்கையில ஏற முடியாது, கீழ் படுக்கை கிடைக்காது. ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. உண்மையான காரணம் ஆறாவது. அதை அவர் சொல்லல.

— உன்னைப் படிக்க வெச்சது என் தப்பு.

— அஞ்சு நிமிஷம்ப்பா. அம்மா, உன் போன் அடிக்குது. டெப்போ.

— குடு. ஹலோ, சொல்லுங்க சார்... எப்படி?... ஏணியிலேர்ந்தா?... ஐயோ பாவம், ரெண்டு காலுமா?... பன்னெண்டாம் தேதியா? சார், அன்னிக்குத்தான் எனக்கு லீவு ஆரம்பம். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க... வேற ஆளே இல்லையா?... புரியுது சார். அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.

— என்னவாம்?

— பன்னெண்டாம் தேதி வண்டி ஓட்டறவரு வெள்ளையடிக்கறேன்னு ஏணியில ஏறி விழுந்திருக்காரு. நான்தான் அன்னிக்குப் போகணுமாம். டூட்டி முடிஞ்சப்புறம் லீவு எடுத்துக்கோன்னு சொல்றாரு.

— ப்ளேன் பன்னெண்டாம் தேதி காலையில!

— தெரியுது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துட்டா அப்புறம் இந்த வருஷம் முடியாது.

— நீ இல்லாம நாங்க போய் என்ன பண்றது? நானும் இவளும் கடலோரமா நின்னு, அலை வந்தது சரியா தப்பான்னு வாதாடறதா? விடு வக்கீலு. பட்டனை அமுக்காதே. யாரும் எங்கயும் போகல.

— அழறியாம்மா?

— இல்லடி. முடி விழுந்திடுச்சு கண்ணுல.

— ரெண்டு நிமிஷம் இருக்கு. எனக்கு ஒரே ஒரு கேள்வி. பன்னெண்டாம் தேதி எந்த வண்டிக்கு டூட்டி?

— எப்பவும் ஓட்டற வண்டிதான்.

— அது எங்க போகுது?

— என்னடி கேள்வி இது? கடலுக்கு...

— ஜங்ஷன்ல உன் டூட்டி முடியுது. அங்கேர்ந்து லீவு ஆரம்பிக்குது. வண்டி அங்க எவ்வளவு நேரம் நிக்கும்?

— இருபது நிமிஷம். ஏய்.

— இறங்கினதும் என்னென்ன வேலை?

— அடுத்த டிரைவர்கிட்ட ஒப்படைக்க ரெண்டு நிமிஷம். ஆபீசுல கையெழுத்துப் போட்டு, குடிக்கலைன்னு குழாயில ஊதிக் காட்ட அஞ்சு. ஊதறதுக்கு வரிசை நின்னா எட்டு. மொத்தம் பத்து. ஏய்!

— அப்போ மீதிப் பத்து நிமிஷத்துல என்ஜின்லேர்ந்து எங்க பெட்டிக்கு நடந்து வர முடியுமா முடியாதா? ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லணும்.

— நடக்கறதா? பறந்து வருவேன்டி!

— எழுந்திருக்காதே! ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு! துண்டு, துண்டு! ஐயோ, தரையெல்லாம் முடி!

— போனைக் குடு. ஹலோ சார், நான்தான். பன்னெண்டாம் தேதி நானே ஓட்டறேன் சார்... சந்தோஷமாத்தான் சொல்றேன். ஒரே ஒரு நிபந்தனை. ஜங்ஷன்ல கையெழுத்துப் போட்ட நிமிஷத்துலேர்ந்து பத்து நாள் லீவு. திரும்பி வர வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க... ஓய்வறையில படுக்க மாட்டேன் சார்... எங்க போறேனா? முன்னாடி சார். முன்னாடி போறேன்!

— என்ன சொன்னாரு?

— 'நல்லாப் போயிட்டு வாம்மா, அந்தப் பாலத்துல இடது பக்கம் உட்காரு'ன்னாரு. பச்சை!

— பச்சை! அப்பா, ப்ளேன் சீட்டு போயிடுச்சு. பூஜ்யம் காட்டுது.

— போனா போகுது. ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாம ஒருத்தி இப்படிச் சிரிக்கறதை எந்த ப்ளேன்ல காட்டுவான்? ரயில்ல மூணு இடம் இருக்கா பாரு.

— பாக்கறேன்... முன்பக்கம் எல்லாம் நிரம்பிடுச்சு. நடுவுலயும் இல்ல. இருக்கு, இருக்கு! மூணும் சேர்ந்தாப்புல இருக்கு. கடைசிப் பெட்டி.

— கடைசிப் பெட்டியா? வேணாம், வேணாம். வேற பாரு.

— வேற இல்லப்பா.

— உங்கம்மா அவ்வளவு தூரம் எப்படி நடப்பா? இருபத்திரண்டு பெட்டி!

— ஏழு நிமிஷத்துல வந்துடுவேன். மூணு நிமிஷம் மிச்சம். டீயே வாங்கிட்டு வருவேன்.

— கடைசிப் பெட்டி ரொம்ப ஆடும்.

— ஆடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அது... கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு. இடது பக்கம் மூணாவது ஜன்னல் மூடவே மூடாதாம். மழை வந்தா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் உட்காரணுமாம்.

— எந்தக் கஸ்டமர்?

— வழுக்கை.

— அவர் இந்தத் தெருவைத் தாண்டினதே இல்லைன்னு நேத்துதானே சொன்னீங்க?

— வக்கீலு, நீ கொஞ்சம் வெளிய போய் விளையாடேன்.

— போக மாட்டா. என்னங்க, கண்ணாடியில என்னைப் பாருங்க. பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு வழி பிறந்திருக்கு. நான் ஓட்டற வண்டியில முதல் தடவையா ஏறப் போறீங்க. இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் பயம்தானே?

— பயம்தான். ஆனா நீ ஓட்டறதுக்கு இல்ல, அந்தக் கடைசிப் பெட்டி டிக்கெட் பரிசோதகருக்கு. என்னைப் பாத்ததும் அந்த மனுஷன் உங்க ரெண்டு பேரு முன்னாடியும் சத்தமாக் கேப்பாரு: 'என்ன சார், வருஷா வருஷம் வீட்டம்மா முதல் முதல்ல வண்டி ஓட்டின தேதிக்குத் தனியா வந்து ஜங்ஷன்ல இறங்கி ஒளிஞ்சுக்குவீங்க, இந்த வருஷம் என்ன, குடும்பத்தோட கடல் வரைக்குமா?'